டிக்கெட் விலையைப் பார்க்குறீங்க, அந்த ஃப்ளைட்டோட போன வாரத்தைப் பார்த்தீங்களா?

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, செப்டம்பர் கடைசி வாரம். ஆடிட்டர் ஆபீஸ்ல வேலை பார்த்தவங்களுக்கு அந்த வாரம் எப்படி இருக்கும்னு தெரியும். நான் மும்பைல ஒரு கிளையன்ட் ஆபீஸ்ல உட்கார்ந்திருக்கேன். மதுரைல அப்பாவுக்குப் பித்தப்பைக் கல்லுக்கு ஆபரேஷன், மறுநாள் காலைல முதல் கேஸ். முந்தின நாள் ராத்திரியே வந்துடுறேன்னு அம்மாகிட்ட சொல்லியாச்சு.

நேரடி ஃப்ளைட் 9,200 ரூபாய். மும்பை-சென்னை தனியா 3,800, சென்னை-மதுரை தனியா 2,600, மொத்தம் 6,400. ரெண்டும் வேற வேற ஏர்லைன், வேற வேற பி.என்.ஆர். சென்னைல மாலை 5.35-க்கு இறங்கணும், மதுரை ஃப்ளைட் 7.25-க்கு. நடுவுல ஒரு மணி ஐம்பது நிமிஷம் இருக்கு, தாராளம்னு நினைச்சேன். 2,800 ரூபாய் மிச்சம். உங்களுக்கெல்லாம் பணத்தைப் பத்திப் பாடம் எடுக்குற ஆள் இல்லையா, டக்குனு புக் பண்ணிட்டேன்.

சென்னைல தரையைத் தொட்டது 6.40-க்கு. பெட்டியை பெல்ட்ல இருந்து எடுத்து, மறுபடி புறப்பாடு பக்கம் ஓடிப் போய் கவுன்டர்ல நின்னப்போ, "செக்-இன் 6.25-க்கே முடிஞ்சது சார்"னு சொன்னாங்க. அவங்க மேல தப்பே இல்ல. என்னைக் கொண்டு வந்த ஏர்லைனும் கை விரிச்சிடுச்சு. அவங்களைப் பொறுத்தவரை நான் சென்னை வரைக்கும்தான் பயணி. என்னைச் சென்னைல இறக்கியாச்சு, கணக்கு முடிஞ்சது.

கிளாம்பாக்கத்துக்கு 650 ரூபாய் கேப், அங்கிருந்து ஆம்னி பஸ் 1,200. மாட்டுத்தாவணில இறங்கி ஆஸ்பத்திரி போய்ச் சேர்றப்போ மணி ஏழே கால். அப்பாவை 6.30-க்கே தியேட்டருக்குள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்க. ஒப்புதல் படிவத்துல அம்மா மட்டும் தனியா உட்கார்ந்து கையெழுத்துப் போட்டிருக்காங்க. ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சது, அப்பா இப்ப நல்லா இருக்கார். "ஃபார்ம்ல இங்கிலீஷ்ல என்னென்னமோ எழுதியிருந்துச்சுடா, படிச்சுச் சொல்ல ஆளில்ல"னு அம்மா சொன்னது மட்டும் இன்னும் போகல.

அன்னைக்கு மத்தியானம் ஆஸ்பத்திரி பெஞ்ச்ல உட்கார்ந்து, சும்மா அந்த மும்பை-சென்னை ஃப்ளைட் நம்பரை ஃப்ளைட்ரேடார்24-ல போட்டுப் பார்த்தேன். நான் வந்ததுக்கு முந்தின ஏழு நாள்ல அது சென்னைல இறங்கின நேரம்: 5.31, 6.22, 6.48, 5.50, 7.05, 6.15, 6.36. ஏழுல அஞ்சு நாள், என் திட்டம் தோத்திருக்கும். இந்தத் தகவல் நான் டிக்கெட் எடுத்த ராத்திரியும் அங்கேயே இருந்திருக்கு. பைசா செலவில்லாம.

ஒரு கம்பெனி ஷேர் வாங்குறதுக்கு முன்னாடி பேலன்ஸ் ஷீட் பாருங்கன்னு சேனல்ல நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன். ஒரு ஃப்ளைட் டிக்கெட்டும் ஒரு வாக்குறுதிதான். அந்த வாக்குறுதியை அவங்க போன வாரம் காப்பாத்தினாங்களான்னு பார்க்க ரெண்டு நிமிஷம் போதும். நம்ம யாரும் அதைச் செய்யுறதில்ல. விலையை மட்டும் நாலு ஆப்ல ஒப்பிட்டுப் பார்க்குறோம்.

இது எப்படித் தெரியுது?

இதுல ரகசியம் ஒண்ணும் இல்ல. விமானங்கள் தன்னோட இடம், உயரம், வேகம் எல்லாத்தையும் ஏ.டி.எஸ்-பி.ங்கிற முறையில ரேடியோ அலையா அனுப்பிக்கிட்டே இருக்கும். 1090 மெகாஹெர்ட்ஸ். சின்ன ஆன்டெனாவும் ஒரு ராஸ்பெர்ரி பை கம்ப்யூட்டரும் இருந்தா உங்க மொட்டை மாடியில இருந்தே அதைப் பிடிக்கலாம். உலகம் முழுக்கப் பல்லாயிரம் பேர் இப்படிப் பிடிச்சு அனுப்புறதைச் சேர்த்துதான் ஸ்வீடன்ல இருக்குற ஃப்ளைட்ரேடார்24, அமெரிக்காவோட ஃப்ளைட்அவேர் மாதிரி தளங்கள் ஓடுது. ஃப்ளைட்ரேடார்24-ல இலவசமாவே ஒரு ஃப்ளைட் நம்பரோட கடைசி ஏழு நாள் வரலாறு கிடைக்கும். விமான நிலையத்தோட மூணெழுத்துக் குறியீட்டைப் போட்டா (சென்னைக்கு எம்.ஏ.ஏ., மதுரைக்கு ஐ.எக்ஸ்.எம்., கோவைக்கு சி.ஜே.பி.) அங்க எது வந்துச்சு, எது போச்சு, எது ரத்தாச்சுன்னு பட்டியலாவே வரும்.

ஐ.டி.ல இருக்குறவங்க சிலருக்கு இப்பவே கை அரிக்கும்னு தெரியும். உங்களுக்காக ஓப்பன்ஸ்கை நெட்வொர்க்னு ஒண்ணு இருக்கு. சுவிட்சர்லாந்துல பதிவான, லாப நோக்கம் இல்லாத அமைப்பு. ஒரு நிலையத்தோட நாலெழுத்துக் குறியீடு (சென்னைக்கு வி.ஓ.எம்.எம்.), எந்த நேரத்துல இருந்து எந்த நேரம் வரைக்கும்னு கொடுத்தா, அங்க வந்த விமானங்களை ஏ.பி.ஐ. வழியாத் தரும். பத்து வரி பைத்தான் போதும். ஆனா அதுல அட்டவணை நேரம் கிடையாது. விமானம் முதல்ல எப்பத் தெரிஞ்சது, கடைசியா எப்பத் தெரிஞ்சதுன்னு மட்டும்தான் சொல்லும். எத்தனை நிமிஷம் லேட்டுன்னு நீங்கதான் கணக்குப் போடணும். 6ஈ, ஏ.ஐ.னு டிக்கெட்ல இருக்குற எழுத்தும் அங்க இருக்காது, ஐ.ஜி.ஓ., ஏ.ஐ.சி.னு வேற பேர்ல இருக்கும். பொழுதுபோக்கா செய்யுறதுன்னா செய்யுங்க. ஒரு டிக்கெட் வாங்குறதுக்கு இது தேவையே இல்ல.

காசு கொடுத்து வாங்குற சந்தாவும் தேவையில்ல. 90 நாள், 365 நாள் வரலாறு வேணும்னா கட்டணத் திட்டம் இருக்கு. வருஷத்துக்கு நாலு தடவை ஊருக்குப் போற ஆளுக்கு அது எதுக்கு? ஏழு நாள் போதும்.

பார்க்குறப்போ எல்லாரும் செய்யுற தப்பு

முதல் தடவை பார்க்குறவங்க புறப்பட்ட நேரத்தைப் பார்த்துப் பயந்துடுவாங்க. 8.00 மணி ஃப்ளைட், 8.19-க்குப் புறப்பட்டதுன்னு இருக்கும். அது லேட்டே இல்ல. டிக்கெட்ல இருக்குறது விமானம் நின்ன இடத்தை விட்டு நகர்ற நேரம். இந்தத் தளம் காட்டுறது ரன்வேல இருந்து மேல ஏறின நேரம். நடுவுல ஊர்ந்து போறது, வரிசையில நிக்கிறது எல்லாம் இருக்கு. அதனால புறப்பட்ட நேரத்தை விட்டுடுங்க, இறங்கின நேரத்தை மட்டும் பாருங்க. அங்கேயும் தரையைத் தொட்ட நேரம்தான் இருக்கும். கதவு திறக்க இன்னும் பத்து நிமிஷம், பெட்டி வர இருபது நிமிஷம்னு நீங்க சேர்த்துக்கணும்.

இன்னொண்ணு, நேரம் யு.டி.சி.ல இருக்கா, நம்ம நேரத்துல இருக்கான்னு செட்டிங்ஸ்ல பாருங்க. அஞ்சரை மணி நேர வித்தியாசத்தைக் கவனிக்காம "இந்த ஃப்ளைட் தினமும் முன்கூட்டியே வருது"ன்னு சந்தோஷப்பட்ட ஒரு ஜூனியர் எங்க ஆபீஸ்லயே இருக்கார்.

ஏழு நாளுங்கிறது சின்ன சாம்பிள்தான், ஒத்துக்குறேன். டிசம்பர், ஜனவரில டெல்லிப் பனிமூட்டம், ஐப்பசி, கார்த்திகைல சென்னை மழைன்னு சீசன் மாறினா கதையும் மாறும். மார்ச் கடைசி ஞாயித்துக்கிழமையும் அக்டோபர் கடைசி ஞாயித்துக்கிழமையும் அட்டவணையே மாறும். அதுக்கு முந்தின வாரத்துப் பழக்கம் பிந்தின வாரத்துக்குப் பொருந்தாது. ஆனா ஒரு விஷயம் எந்த சீசன்லயும் பெருசா மாறாது. ஒரே விமானம் காலைல இருந்து ராத்திரி வரைக்கும் அஞ்சாறு ஊர் சுத்துது. ஒவ்வொரு ஊர்லயும் அரைமணி நேரத்துல ஆளை இறக்கி, ஏத்தி, கிளம்பணும். காலைல கோவைல விட்ட இருபது நிமிஷம் மத்தியானம் ஹைதராபாத்ல நாற்பது ஆகி, ராத்திரி ஒன்பது மணிக்கு உங்க தலையில வந்து விடியும். அதனால பொதுவா முதல் ஃப்ளைட் நேரத்துக்குப் போகும், கடைசி ஃப்ளைட் இழுக்கும். ராத்திரி டிக்கெட் ஏன் மலிவா இருக்குன்னு யோசிச்சிருக்கீங்களா? இதுவும் ஒரு காரணம்னு நான் நினைக்கிறேன்.

"ஏர்லைன் வாரியா நேரந்தவறாமை சதவீதம் டி.ஜி.சி.ஏ. மாசாமாசம் போடுதே, அது போதாதா?"ன்னு கேட்பீங்க. போதாது. அது சில பெரிய நகரங்களை மட்டும் வெச்சுப் போடுற சராசரி. பதினஞ்சு நிமிஷத்துக்குள்ள இருந்தா நேரத்துக்கு வந்ததாக் கணக்கு. உங்க 7.25 மதுரை ஃப்ளைட்டைப் பத்தி அது ஒரு வார்த்தையும் சொல்லாது. அமெரிக்காவுல பெரிய ஏர்லைன்கள் ஒவ்வொரு உள்நாட்டு ஃப்ளைட்டோட நேரத்தையும் 1987-ல இருந்து அரசாங்கத்துக்குக் கொடுத்தாகணும், யார் வேணா எடுத்துப் பார்க்கலாம். இங்கயும் அப்படி வரணும்னு எனக்கு ஆசை. வர்ற வரைக்கும் ஊர்க்காரங்க மொட்டை மாடி ஆன்டெனாதான் நமக்குத் துணை.

சரி, கணக்குப் போடுவோம்

மாசச் சம்பளம் 60,000. மாசத்துக்கு 22 நாள், நாளுக்கு 9 மணி நேரம்னா ஒரு மணி நேரம் சுமாரா 300 ரூபாய். வெள்ளிக்கிழமை ராத்திரி ஃப்ளைட் 3,400, சனிக்கிழமை காலை ஃப்ளைட் 4,500. வித்தியாசம் 1,100. ராத்திரி ஃப்ளைட்டோட வரலாறைப் பார்த்தா சராசரி 80 நிமிஷம் லேட், அதாவது 400 ரூபாய். ஏழுல மூணு நாள் கடைசி பஸ்ஸை விடுற அளவுக்கு லேட், அப்ப 1,400-க்குக் கேப் எடுக்கணும். ஏழுல மூணு பங்குன்னா 600. மொத்தம் 1,000. ஆக, மலிவு டிக்கெட் இன்னும் நூறு ரூபாய் லாபம்தான். மலிவு டிக்கெட்டே எடுங்க! காதுல ஹெட்போன் மாட்டிக்கிட்டுத் தூங்குங்க. எப்பவும் அதிகக் காசு கொடுங்கன்னு நான் சொல்ல வரல.

ஆனா மறுநாள் காலைல இன்டர்வியூ, விசா, தாலி கட்டுற முகூர்த்தம், ஆபரேஷன் இதெல்லாம் இருந்தா இந்தச் சராசரிக் கணக்கைத் தூக்கிப் போடுங்க. அங்க பார்க்க வேண்டியது ஏழு நாள்ல மோசமான நாள் எது, அந்த நாள் என் நாளா இருந்தா தாங்குவேனாங்கிறது மட்டும்தான். டெர்ம் இன்ஷூரன்ஸ் எடுக்குறப்போ "சராசரியா நான் சாக மாட்டேன்"னு யாரும் யோசிக்கிறதில்ல, இல்லையா?

என் கணக்கையும் சொல்லிடுறேன். விட்ட மதுரை டிக்கெட் 2,600. அதுல 540 திரும்ப வந்துச்சு. கேப், பஸ் 1,850. மொத்த நஷ்டம் 3,910. மிச்சம் பிடிச்ச 2,800-ஐக் கழிச்சா கையை விட்டுப் போனது 1,110. இதை எக்ஸெல்ல எழுதிப் பார்த்தப்போ எனக்கே சிரிப்பா வந்துச்சு. அம்மாவோட அந்தக் கையெழுத்தை எந்தக் கட்டத்துல எழுதுறது?

அந்த 540 எப்படி வந்துச்சுன்னு கேட்டீங்கன்னா, ஃப்ளைட்டை நீங்களே தவற விட்டாலும், சூப்பர் மலிவு ஆஃபர் டிக்கெட்டா இருந்தாலும், யு.டி.எஃப். மாதிரி விமான நிலையக் கட்டணங்களையும் வரிகளையும் ஏர்லைன் திருப்பித் தரணும்னு டி.ஜி.சி.ஏ. விதி இருக்கு. கேட்டு வாங்கணும். முக்கால்வாசிப் பேர் "நான்-ரீஃபண்டபிள்"னு போட்டிருக்கேன்னு விட்டுடுறாங்க.

லேட்டுக்குக் காசு கிடையாது

இதைப் பலர் தப்பாப் புரிஞ்சு வெச்சிருக்காங்க. ஐரோப்பாவுல மூணு மணி நேரத்துக்கு மேல லேட்டானா, காரணம் ஏர்லைனோடதுன்னா 250-லிருந்து 600 யூரோ வரைக்கும் இழப்பீடு கேட்கலாம். இந்தியாவுல தாமதத்துக்குன்னு ரொக்கம் கிடையாது. டி.ஜி.சி.ஏ. விதிப்படி, இரண்டரை மணி நேரத்துக்கு உட்பட்ட பயணம்னா ரெண்டு மணி நேரம் தாமதமானா சாப்பாடு, சிற்றுண்டி. ஆறு மணி நேரத்துக்கு மேலன்னா வேற ஃப்ளைட் இல்ல முழுப் பணம். ராத்திரி எட்டுல இருந்து விடிகாலை மூணுக்குள்ள கிளம்ப வேண்டிய ஃப்ளைட் ஆறு மணி நேரத்துக்கு மேல தள்ளிப்போனா தங்குமிடம்.  முன்கூட்டிச் சொல்லாம ரத்து பண்ணினா மட்டும் 5,000-லிருந்து 10,000 வரைக்கும் உண்டு. அதுவும் அந்தத் தொகை, இல்லைன்னா உங்க டிக்கெட்டோட அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும், எது குறைவோ அது. 1,500 ரூபாய் அடிப்படைக் கட்டணத்துக்கு வாங்கினவருக்கு 10,000 வராது. புக் பண்றப்போ உங்க சொந்த போன் நம்பரைக் கொடுக்கலைன்னா அதுவும் வராது. ஏஜென்ட் நம்பரைப் போட விடாதீங்க.

ஆக, தாமதத்தோட செலவு முழுக்க உங்க தலையிலதான். அதனாலதான் வாங்குறதுக்கு முன்னாடி பார்க்கச் சொல்றேன்.

ரத்தானப்பவும் இந்தத் தளம் உதவும். வானிலை மாதிரி ஏர்லைனோட கையில இல்லாத காரணம்னா இழப்பீடு தேவையில்லைன்னு விதி சொல்லுது. அதனால "மோசமான வானிலை"ங்கிற வார்த்தை ரொம்ப சுலபமா வரும். உடனே விமான நிலையப் பக்கத்தைத் திறந்து, உங்க நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் அங்கிருந்து எத்தனை ஃப்ளைட் கிளம்பிச்சு, போக வேண்டிய ஊர்ல எத்தனை இறங்கிச்சுன்னு பாருங்க. எல்லாம் ஓடியிருந்தா ஸ்க்ரீன்ஷாட் எடுங்க. தேதி, நேரம் தெரியணும். அன்னைக்கே எடுக்கணும், ஏன்னா இலவசக் கணக்குல ஏழு நாள் கழிச்சு அது காணாமப் போயிடும். ஏர்லைன் உங்க மெயிலுக்குப் பதில் போட அதைவிட அதிக நாள் எடுத்துக்கும். முதல்ல ஏர்லைனுக்கு எழுதுங்க, சரியா வரலைன்னா ஏர்சேவால புகார் பதியுங்க, அந்தப் படத்தோட. இது மறுக்க முடியாத ஆதாரம் இல்ல. உங்களுக்கு வர வேண்டிய விமானம் வேற ஊர் மழைல மாட்டியிருக்கலாம். ஆனா "வானிலை"ன்னு ஒரு வார்த்தையில முடிச்சவங்க, கொஞ்சம் விளக்கமாப் பதில் எழுத வேண்டி வரும்.

கிளம்புற அன்னைக்கும் ஒரு தடவை பாருங்க. உங்க ஃப்ளைட்டுக்கு ஒதுக்கின விமானத்தோட பதிவு எண் தெரிஞ்சா (நம்ம ஊர் விமானம்னா வி.டி.ன்னு ஆரம்பிக்கும்) அதை அழுத்தினா அது இப்ப எங்க இருக்குன்னு தெரியும். 7.25-க்குச் சென்னைல இருந்து கிளம்ப வேண்டிய விமானம் இன்னும் மும்பைலயே நின்னுக்கிட்டிருந்தா, ஆப்ல "ஆன் டைம்"னு பச்சை எழுத்துல போட்டிருந்தாலும் நம்பாதீங்க. வீட்டுல இன்னொரு காபி குடிக்கலாம். ஆனா செக்-இன் நேரத்தை மட்டும் தாண்டிடாதீங்க. கடைசி நேரத்துல வேற விமானத்தை மாத்தி விட்டு நேரத்துக்கே கிளம்பிப் போறதும் நடக்கும்.

ஒரே ஒரு விஷயத்துல மட்டும் நான் பிடிவாதம். கனெக்டிங் ஃப்ளைட்னா ஒரே பி.என்.ஆர். அதுல முதல் ஃப்ளைட் லேட்டாகி ரெண்டாவதை விட்டா, அடுத்த ஃப்ளைட்ல ஏத்தி விடுறது அவங்க பொறுப்பு. ரெண்டு பி.என்.ஆர்.ல எடுத்தே ஆகணும்னா, முதல் ஃப்ளைட்டோட ஏழு நாள்ல மோசமான நாளை எடுத்து, அதுக்கு மேல ஒன்றரை மணி நேரம் வெச்சு ரெண்டாவதை எடுங்க. இல்லைன்னா கைப்பையோட மட்டும் போங்க. பெட்டி இல்லாம, வெப் செக்-இன் முடிச்சிருந்தா அன்னைக்கு நானே ஓடிப் பிடிச்சிருப்பேன்.

அடுத்த மாசம் அப்பாவுக்கு வருஷாந்திர செக்-அப். சென்னைல இருந்து ராத்திரி 8.40 ஃப்ளைட் 1,150 ரூபாய் கம்மி. ஏழு நாளும் பார்த்தேன். நாலு நாள் ஒன்பதரைக்கு மேலதான் சென்னையை விட்டே ஏறியிருக்கு. காலை 6.10-க்குப் போட்டுட்டேன். "எதுக்குடா அவ்வளவு சீக்கிரம், தூங்கிட்டு வா"ன்னாங்க அம்மா.